சினைமானுக்குக் கொம்பு முறிந்த கதை

ஒரு காட்டில் சிங்கராசா ஆஸ்பத்திரி கட்டிய பிறகு, நோய் வருவது சுலபமாகவும் வந்த நோய்க்குப் பெயர் வாங்குவது கஷ்டமாகவும் போய்விட்டது.

அதற்கு முன்பெல்லாம் வயிறு வலித்தால் வயிற்றுவலி, கால் உடைந்தால் கால் உடைசல். ஆஸ்பத்திரி வந்ததும் அது போதாது என்றார்கள். ஒவ்வொரு நோய்க்கும் ஓர் எண் உண்டு. எண்ணைக் கம்ப்யூட்டரில் போட்டால் பச்சை விளக்கு எரியும். பச்சை விளக்கு எரிந்தால்தான் ஆபரேஷன் தியேட்டர் கதவு திறக்கும். கதவுக்கு ஒரு காட்டெருமை காவல். நல்ல மனசுக்காரன்தான். ஆனால் விளக்கைத் தவிர யார் முகத்தையும் ஏறிட்டுப் பார்க்கக் கூடாது என்று அவனுக்கு உத்தரவு.

எண்கள் எழுதிய தடிப் புத்தகத்தை நகரத்திலிருந்து ஒரு குரங்கு தூக்கிவந்தது. மனுஷர்களுக்காக எழுதின புத்தகம். குரங்குகளுக்கு அது ஏறக்குறையப் பொருந்திப் போனது. மற்றவர்கள் தங்கள் உடம்பைப் புத்தகத்துக்குத் தகுந்தபடி வைத்துக்கொள்ள வேண்டும் என்று சிங்கராசா அன்போடு கேட்டுக்கொண்டார்.

யானையம்மா பட்ட பாட்டைச் சொல்ல வேண்டும். புத்தகத்தில் கர்ப்பம் என்றால் பத்து மாதம். யானைக்கோ ஏறக்குறைய இரண்டு வருஷம். பத்து மாதம் முடிந்த அன்றைக்கே கம்ப்யூட்டர் அவளுக்கு, "தாயும் சேயும் நலமாக வீடு திரும்பியதற்கு வாழ்த்துகள்" என்று சேதி அனுப்பிவிட்டது. வயிற்றைத் தூக்கிக்கொண்டு மறுநாள் வந்தவளிடம், "நீங்கதான் பெத்துட்டீங்களேம்மா, இன்னும் எதுக்கு வர்றீங்க?" என்று கேட்டார்கள்.

கேட்டவர் கொக்கு சார். நோய்க்கு எண் போடும் அலுவலர் அவர். ஒற்றைக்காலில் அசையாமல் நிற்கத் தெரிந்தவர் என்பதால் அந்த உத்தியோகம் கிடைத்தது. கெட்டவர் என்று சொல்லக் கூடாது. யாரிடமும் ஒரு அயிரை மீன்கூடக் கைநீட்டி வாங்கினதில்லை. ஒரே ஒரு குறைதான். அவர் முட்டையிலிருந்து வந்தவர், அவர் வீட்டம்மாவும் முட்டைதான் இடுகிறாள். கர்ப்பம் என்பதையும் நஞ்சுக்கொடி என்பதையும் அவர் புத்தகத்தில் படித்திருக்கிறாரே ஒழியக் கண்ணால் கண்டதில்லை.

"பிள்ளை ஓட்டுக்குள்ளே இருக்கு. ஓடு உடையுது, பிள்ளை வெளியே வருது. இதுக்கு ஏன் இத்தனை கூச்சல் போடுறாங்கன்னு எனக்கு இன்னைக்கு வரைக்கும் புரியல" என்பார்.

அந்தக் காட்டில் மரிக்கொழுந்து என்று ஒரு புள்ளிமான் இருந்தாள். அவள் புருஷன் வீரபாகு. கிளைகிளையாகக் கொம்பு வைத்த கலைமான். கொம்பு பெரிசு, கோபமும் பெரிசு. மற்றபடி பெண்டாட்டி சொல் தட்டாதவன். பல வருஷம் வேண்டி, விரதம் இருந்து, அழுது ஓய்ந்த பிறகு மரிக்கொழுந்துக்குக் கரு தங்கியிருந்தது. வயிற்றில் குட்டி அசையும்போதெல்லாம் நின்று கண்ணை மூடி, "உன் கொடை ஆண்டவரே, நீயே பார்த்துக்கோ" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத்தான் அடுத்த புல்லைக் கடிப்பாள்.

நிறைமாதம். ஓடையில் தண்ணீர் குடிக்கக் குனிந்தவள் பின்கால் நனைந்திருப்பதைக் கண்டாள். தண்ணீர் இல்லை, ரத்தம். வலி துளிக்கூட இல்லை. வலி இல்லாத ரத்தம்தான் அவளை அதிகமாகப் பயமுறுத்தியது.

"என்னங்க" என்றாள். அவ்வளவுதான். வீரபாகு அவளை முட்டுக்கொடுத்து நடத்திக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வந்துவிட்டான்.

அங்கே டாக்டர் ஒரு கரடியம்மா. பெயர் தில்லைநாயகி. கைராசிக்காரி. ஸ்கேன் கருவியை மரிக்கொழுந்தின் வயிற்றில் வைத்ததுமே அவள் முகம் மாறியது.

"பயப்படாதே தாயி. குட்டி நல்லாத்தான் இருக்கு. ஆனா நஞ்சுக்கொடி கீழே இறங்கி, குட்டி வர்ற வாசலை அடைச்சுக்கிட்டு நிக்குது. தானா பிரசவமாக விட்டா ரத்தம் நிக்காது. வயித்தைக் கீறித்தான் குட்டியை எடுக்கணும். இப்பவே."

"அப்ப எடுத்துடுங்க டாக்டரம்மா" என்றான் வீரபாகு.

"எடுக்கலாம். எண் வரணும்."

மூவரும் கொக்கு சார் மேஜைக்குப் போனார்கள். அங்கே வரிசை நின்றது. மரிக்கொழுந்துக்கு முன்னால் ஒரு முயலம்மா, அவளுக்கும் முன்னால் ஒரு கழுதைப்புலி. கழுதைப்புலி மூக்கை மூக்கை உறிஞ்சிக்கொண்டு திரும்பிப் பார்த்தது.

"ரத்தம் போகுதாம்மா? ஒண்ணும் அவசரம் இல்ல. நிதானமா நில்லு. நான் வேணும்னா கடைசி வரைக்கும் உன் கூடவே இருக்கேன்" என்றது ரொம்பவும் பரிவோடு.

முயலம்மா மரிக்கொழுந்தைத் தனக்கு முன்னால் இழுத்து விட்டாள். "நீ போ தங்கச்சி. நான் இதுக்கெல்லாம் பழகினவ. நான் எண் கேட்டு வரிசையில நிப்பேன், என் முறை வர்றதுக்குள்ள பிள்ளைங்க பிறந்து, வளர்ந்து, அதுகளும் எண் கேட்டு என் பின்னாலயே நிக்கும்."

டாக்டரம்மா கழுதைப்புலியைத் தள்ளிவிட்டு மேஜைமேல் கையை ஊன்றினாள். "கொக்கு சார், நஞ்சுக்கொடி கீழிறக்கம். ரத்தப்போக்கோட. சீக்கிரம் எண்ணைப் போடுங்க."

கொக்கு சார் புத்தகத்தைப் பொறுமையாகப் புரட்டினார். "போட்டுடலாம் டாக்டர். அதுல உட்பிரிவு நிறைய இருக்கு. முதல்ல, நஞ்சுக்கொடி எத்தனை?"

"மானுக்குப் புத்தகத்துல இருக்கிற மாதிரி ஒரே தட்டா இருக்காது சார். சட்டையில பட்டன் தைச்ச மாதிரி அங்கங்க ஒட்டிக்கிட்டு இருக்கும்."

"புத்தகத்துல ஒண்ணுன்னு போட்டிருக்கு."

"அது மனுஷங்களுக்கு எழுதினது."

"அதனாலதான் நம்பகமானது" என்றார் கொக்கு சார். "சரி, அனுசரிச்சுப் போவோம். ஒவ்வொரு பட்டனையும் ஒரு நஞ்சுக்கொடியா எடுத்துப்போம். கீழ இறங்கின பட்டனுக்கு ஒரு எண், இறங்காத பட்டனுக்கு வேற எண். எது எது இறங்கியிருக்குன்னு பெயர் சொல்லிக் கூப்பிடுங்க, எழுதிக்கிறேன்."

"பட்டனுக்கு எங்கே சார் பெயர்?" என்றாள் டாக்டரம்மா.

"பெயர் இல்லாததுக்கு எண் எப்படிம்மா?"

வீரபாகுவின் மூச்சு பலமாக வந்தது. மரிக்கொழுந்து அவன் முதுகில் முகத்தை வைத்து அமர்த்தினாள்.

"அடுத்தது, ரத்தம் இருக்கா இல்லையா?" என்று மேஜைக்கு மேலே கழுத்தை நீட்டித் தரையைப் பார்த்தார் கொக்கு சார். "இப்ப நின்னிருக்கே."

"காலையில போச்சு சார்" என்றாள் மரிக்கொழுந்து.

"காலையில போனது காலைக் கணக்கு. இப்ப இல்லைன்னா ரத்தப்போக்கு இல்லாத வகை. அதுக்கு ஆபரேஷன் கிடையாது, ஓய்வுதான்."

சொல்லி வாய் மூடவில்லை, மறுபடியும் ரத்தம் இறங்கியது. மரிக்கொழுந்தின் கால்கள் மடங்கப் பார்த்தன. முயலம்மா, "ஐயோ சாமி" என்று கத்திவிட்டாள்.

கொக்கு சார் கம்ப்யூட்டரில் அடித்ததை அழித்தார். "ரத்தப்போக்கு உண்டு. பாருங்க, நான் ஒண்ணும் மனசாட்சி இல்லாதவன் இல்லை. இப்ப கடைசியா ஒண்ணே ஒண்ணு. மாதிரி."

"என்ன மாதிரி?"

"நஞ்சுக்கொடி. எடுத்துக் காட்டினாத்தான் எண் உறுதியாகும். கொஞ்ச நாளா எல்லாருமே ஏதாவது சொல்லிக்கிட்டு வந்துடுறாங்கன்னு மேலிடத்துல கண்டிப்பு."

டாக்டரம்மா நெற்றியைப் பிடித்துக்கொண்டாள். "அது பிரசவத்துக்கு அப்புறம்தானே சார் வெளியே வரும்?"

"ஆமா. வந்ததும் கொண்டுவாங்க. எண் தர்றேன். எண் வந்ததும் பிரசவம் பாருங்க."

இதில் இன்னொரு சங்கடமும் உண்டு. காட்டில் எந்தத் தாயும் நஞ்சுக்கொடியை வைத்துக்கொள்வதில்லை. குட்டி விழுந்ததும் அதைத் தின்றுவிடுவாள். வாசனை பிடித்து யாராவது குட்டியைத் தேடி வந்துவிடக் கூடாதே என்று தாய்க்குத் தாய் வந்த வழக்கம். அதனால் ஆஸ்பத்திரி தொடங்கிய நாளிலிருந்து நஞ்சுக்கொடி சம்பந்தமான ஒரு நோய்க்குக்கூட எண் உறுதியானதில்லை. போன மழைக்காலத்தில் ஒரு காட்டுப்பன்றியம்மா இதே மேஜைக்கு முன்னால் இதே நோயோடு காத்திருந்தாள். காத்திருந்தபடியே போய்ச் சேர்ந்தாள். செத்ததற்கு மட்டும் அவளுக்கு உடனே எண் கிடைத்தது. சாவுக்கு உட்பிரிவு கிடையாது.

அந்தப் பன்றியம்மாவின் முகம் டாக்டரம்மாவுக்கு நினைவு வந்திருக்க வேண்டும். "சார், இவ செத்துப்போவா. உங்களுக்குப் புரியுதா? குட்டியும் போயிடும்" என்றாள்.

"எனக்கு வருத்தமாத்தான் இருக்கு டாக்டர்" என்றார் கொக்கு சார். உண்மையிலேயே அவர் கண் கலங்கியது. கலங்கிய கண்ணோடு அடுத்த காலுக்கு மாறி நின்றார்.

மரிக்கொழுந்து மேஜையோரம் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். அவள் யாரையும் திட்டவில்லை. கண்ணை மூடி, "ஆண்டவரே, என் பிள்ளைக்கு ஒரு வழியைத் திற" என்று மட்டும் முணுமுணுத்தாள். கழுதைப்புலி வாயைத் துடைத்துக்கொண்டு இன்னும் கொஞ்சம் நெருங்கி வந்து நின்றது.

வீரபாகுவால் அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை. பின்னால் நாலு அடி போய், தலையைக் குனிந்து, ஓடி வந்து மேஜையில் ஒரே முட்டு. மேஜை நகரவில்லை. தேக்கு. கொம்பின் நுனியில் ஒரு சில்லுதான் தெறித்துப் புத்தகத்தின் மேல் போய் விழுந்தது.

கொக்கு சார் முகம் மலர்ந்தது.

"அட, கொம்பு முறிவா! முன்னாலேயே சொல்லியிருக்கக் கூடாதா!"

கொம்பு முறிவுக்கான எண் மட்டும் அந்தப் புத்தகத்தில் காட்டுக்காரர்களே எழுதிச் சேர்த்தது. சிங்கராசாவின் ஆலோசனைச் சபையில் நிறையக் கலைமான்கள் இருந்தார்கள். பருவகாலத்தில் ஒருவரோடொருவர் மோதிக்கொண்டு வந்து நிற்கும்போது காத்திருக்கப் பிடிக்காது என்பதால், அந்த எண்ணுக்கு இரண்டே கேள்விதான் வைத்தார்கள். நோயாளி மானா? முறிந்த துண்டு கைவசம் இருக்கிறதா? ஆணா பெண்ணா என்றுகூடக் கேட்கவில்லை. பெண்மானுக்குக் கொம்பு கிடையாது என்பதால் அதைக் கேட்க வேண்டும் என்று எந்தக் கலைமானுக்கும் தோன்றவில்லை.

"துண்டு இருக்கு" என்று சில்லை அலகால் எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார் கொக்கு சார். "சுத்தமான மாதிரி. நோயாளி பெயர்?"

வீரபாகு வாயைத் திறந்தான். அதற்குள் டாக்டரம்மா தன் பெரிய கையால் அவன் வாயைப் பொத்திவிட்டாள். பாவம், அவள் வாழ்நாளில் பொய் சொல்லிப் பழகாதவள். ஒரு நொடி மேலே பார்த்தாள். பிறகு சொன்னாள்.

"மரிக்கொழுந்து."

"மானா?"

"மான்தான்."

பச்சை விளக்கு எரிந்தது. காட்டெருமை விளக்கைப் பார்த்தான், கதவைத் திறந்தான், யார் முகத்தையும் பார்க்கவில்லை. மரிக்கொழுந்தைத் தூக்கிக்கொண்டு டாக்டரம்மா உள்ளே ஓடினாள். வழியைத் திற என்றுதான் மரிக்கொழுந்து ஆண்டவரிடம் கேட்டிருந்தாள். எந்த வழியை என்று சொல்லவில்லையே.

கழுதைப்புலி நேரமாகிறது என்று சொல்லிவிட்டுக் கிளம்பிப் போய்விட்டது.

வெளியே வீரபாகு சுவரைப் பார்த்தபடி நின்றான். முயலம்மா அவன் காலருகில் உட்கார்ந்து, அவளுக்குத் தெரிந்த எல்லாச் சாமியையும் வரிசையாகக் கூப்பிட்டாள். கூப்பிட்டு முடித்து மறுபடி முதலிலிருந்து தொடங்கும்போது உள்ளேயிருந்து மெல்லிசாக ஒரு சத்தம் வந்தது. குட்டியின் சத்தம்.

டாக்டரம்மா வெளியே வந்தாள். "பெண்குட்டி. தாய்க்கும் ஆபத்து நீங்கிடுச்சு" என்றாள். சொல்லிவிட்டுப் படியிலேயே உட்கார்ந்து அழுதாள்.

உடம்பு தேறி வீடு திரும்பும் நாளில் ஒரு சின்னத் தகராறு. கொக்கு சார் குட்டியையும் கம்ப்யூட்டரையும் மாறிமாறிப் பார்த்தார்.

"இது யாரு?"

"என் மகள் சார்" என்றாள் மரிக்கொழுந்து.

"உங்களுக்குக் கொம்பு ஆபரேஷன்தானே நடந்திருக்கு. அதுல பிள்ளை எப்படி வரும்? இதை வெளியே விட என்கிட்ட வழியே இல்லையேம்மா."

மரிக்கொழுந்து குட்டியை வயிற்றுக்கடியில் இழுத்துக்கொண்டாள். கொக்கு சார் வெகுநேரம் ஒற்றைக்காலில் யோசித்தார். பிறகு பெருந்தன்மையோடு ஒரு வழி கண்டுபிடித்தார். 'அகற்றப்பட்ட பொருள்' என்று ஓர் இடம் இருந்தது. அதில் தட்டினார். "கொம்புத் துண்டு, ஒன்று. நான்கு கால்களும் புள்ளிகளும் உள்ளது. பால் குடிக்கிறது. உரியவரிடம் ஒப்படைக்கப்பட்டது."

"இதுக்கு ஒத்துக்கிறீங்களா?"

"துண்டுன்னாலும் சரி, தூசின்னாலும் சரி, என்கிட்ட கொடுத்துடுங்க சார். புண்ணியமாப் போகும்" என்றாள் மரிக்கொழுந்து.

சேதி காட்டுக்குள் பரவ எத்தனை நேரமாகும்? முயலம்மா ஒருத்தி போதாதா? வயிற்றைத் தள்ளிக்கொண்டு வந்தவர்களெல்லாம் கையில் ஒரு கொம்புச் சில்லோடு வந்தார்கள். வீரபாகு தாராளமானவன். கேட்டவர்களுக்கெல்லாம் பாறையில் உரசி உரசிக் கொடுத்தான். மானா என்ற கேள்விக்கு எல்லாரும் ஆமாம் என்றார்கள். காட்டுப்பன்றி ஆமாம் என்றது. யானை ஆமாம் என்றது. கடைசியில் முயலம்மாவே கொம்பு முறிந்து படுத்தாள். முயற்கொம்பை யாரும் கண்டதில்லை என்று சொல்லிக்கொண்டிருந்த பண்டிதர்கள், ஆஸ்பத்திரி அத்தாட்சியைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டார்கள்.

கொக்கு சாருக்கும் ரொம்பத் திருப்தி. பச்சை விளக்கு எரியாத நாளே இல்லை. அத்தனை பேரும் மாதிரியோடு வருகிறார்கள்.

வருஷக் கடைசியில் எண்களையெல்லாம் கூட்டிப் பார்த்த சிங்கராசா சபையில் எழுந்து நின்று உறுமினார். "நமது ஆட்சியில் நஞ்சுக்கொடிக் கோளாறு என்பதே காட்டில் ஒருத்திக்கும் இல்லை. ஆனால் பெண்கள் மத்தியில் கொம்பு முறிவு பெருகிவிட்டது. தாய்மார்கள் சண்டை போடுவதைக் குறைத்துக்கொள்ள வேண்டும்."

பிரசவ வார்டுக் கட்டில்களையெல்லாம் கொம்பு வார்டுக்கு மாற்றினார்கள். டாக்டர் தில்லைநாயகிக்குக் கொம்புச் செம்மல் என்று பட்டம் கொடுத்துப் பொன்னாடை போர்த்தினார்கள். அவள் அந்தப் பொன்னாடையைக் கிழித்துப் பிறந்த குட்டிகளைச் சுற்றினாள். பிரசவ வார்டில் பேருக்கு ஒரே ஒரு கட்டில் மிஞ்சியது. நஞ்சுக்கொடி எண்ணுக்கு ஆளே வருவதில்லை என்பதால், யாராவது வரட்டும் என்று அதற்கிருந்த கேள்விகளையெல்லாம் ஒவ்வொன்றாக எடுத்தும்விட்டார்கள்.

பருவகாலம் வந்தது. வீரபாகு இன்னொரு கலைமானோடு மோதிக் கொம்பை அடியோடு முறித்துக்கொண்டான். இந்தத் தடவை சில்லு இல்லை. நெற்றியெல்லாம் ரத்தம். மரிக்கொழுந்து மகளையும் கூட்டிக்கொண்டு அவனை நடத்தி வந்தாள்.

கொம்பு வார்டில் நுழைய இடமில்லை. கட்டிலுக்குக் கட்டில் நிறைமாதக்காரிகள். முயலம்மா தலையைத் தூக்கிப் பார்த்து, "வாங்கண்ணே, உங்களுக்கு எத்தனை மாசம்?" என்றாள்.

"எனக்கு நிஜமாவே கொம்பு முறிஞ்சிருக்கும்மா" என்று முனகினான் வீரபாகு.

"எல்லாரும் அப்படித்தான் சொல்றோம்" என்றாள் அவள்.

கொக்கு சார் கையை விரித்தார். "கொம்புன்னா காத்திருக்கணும் தம்பி. ஒண்ணு செய்யலாம். நஞ்சுக்கொடிக்கு ஒரு கட்டில் காலியா இருக்கு. ஒரு கேள்வியும் கிடையாது. இந்த வருஷம் ஒருத்தராவது வந்தாங்கன்னு எனக்கும் மேல காட்ட வேண்டியிருக்கு."

வீரபாகு பெண்டாட்டியைப் பார்த்தான். அவள் சரி என்று தலையை ஆட்டினாள்.

பச்சை விளக்கு எரிந்தது. காட்டெருமை கதவைத் திறந்தான். வீரபாகுவை இடதுபக்கமாகச் சாய்த்துப் படுக்கவைத்து, இரும்புச்சத்து மாத்திரை கொடுத்து, பாரம் தூக்கக் கூடாது என்று சொன்னார்கள். டாக்டரம்மா நெற்றிக்குக் கட்டுப் போட்டாள். விதி விதிதான் என்பதால், கட்டுப் போட்ட கையோடு அவன் வயிற்றிலும் ஒருமுறை ஸ்கேனை வைத்துப் பார்த்தாள்.

"டாக்டரம்மா, பிழைச்சுக்குவேனா?" என்றான் அவன்.

மரிக்கொழுந்து அவன் காதருகில் குனிந்தாள். "தலைப்பிரசவம்னா பயமாத்தாங்க இருக்கும். ஆண்டவர் இருக்கார், பொறுத்துக்கோங்க."

நீதி: உடம்பில் உள்ள நோயைச் சொன்னவர் வாசலில் நிற்பார், கட்டில் காலியாக உள்ள நோயைச் சொன்னவர் சுகமாகப் பெற்றுப் பிழைத்து வீடு திரும்புவார், ஆணாக இருந்தாலும் சரி.